வெடிக்கிற வண்டியும் வேடந்தாங்கல் ஏரியும்

1. வாயைக் கட்டணும்

ஒர்க்‌ஷாப் தேடி வருகிறவர்கள் எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: "வண்டி ஸ்டார்ட் ஆகல பாய்." என் சர்வீஸில் ஒரே ஒருவர்தான் வண்டி ஸ்டார்ட் ஆகிவிடக் கூடாதே என்ற பயத்தில் ஓடி வந்தார். அவர் பெயர் முனுசாமி. வேடந்தாங்கல் ஏரியின் நீர்க்கட்டி. மதகைத் திறந்து எந்த வயலுக்கு எப்போது தண்ணீர் விடுவது என்று பார்க்கிற வேலை.

ஐம்பதுகளின் நடுவில் ஒரு மார்கழி மாதம். செங்கல்பட்டில் ஜி.எஸ்.டி. ரோட்டோரம் நானும் என் அக்கா புருஷர் இஸ்மாயில் மச்சானும் ஒரு ஷெட் போட்டு லாரி, கார், மோட்டார் சைக்கிள் எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தோம். நான் ஒரு லாரிக்கு அடியில் படுத்திருந்தேன். மழையில் தொப்பலாக நனைந்த இரண்டு கால்கள் வந்து நின்றன.

"பாய், ஒரு வண்டிக்கு வாயக் கட்டணும். துப்பாக்கி கணக்கா வெடிக்குது."

"இட்டுனு வா அண்ணாத்த, பாக்கலாம்" என்றேன், படுத்தபடியே.

"இட்டுனு வர முடிஞ்சா நான் இன்னாத்துக்கு பஸ் ஏறி வரேன்? அது ஏரிக்கரை மேல நிக்குது. அங்க அத்த கிளப்பக் கூடாது. நீ வந்து கிளப்பாமயே ரிப்பேர் பண்ணு."

இஸ்மாயில் மச்சான் கையில் இருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "போ மச்சான், போ. வண்டியக் கிளப்பாம ரிப்பேர் பண்ற மெக்கானிக்க ஊரே தேடிக்கினு கீது."

எனக்கும் சிரிப்புதான். ஆனால் அந்த மனிதர் சிரிக்கவில்லை. ஈர வேட்டியைப் பிழிந்துகொண்டே, "பறவைங்க முட்டை மேல உக்காந்துகினு கீதுங்க பாய்" என்றார். மகள் பிரசவத்துக்கு வந்திருக்கிற வீட்டுக்காரர் பேசுகிற குரல் அது. டூல் பாக்ஸை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

2. ஒரு சத்தம் செய்த வேலை

கருங்குழியில் பஸ்ஸை விட்டு இறங்கி மேற்கே நடந்தோம். வழியில் ஒரு ஓடை. முழங்கால் அளவு தண்ணீர் ஓடியது. அதைத் தாண்டி நடக்கும்போதே முனுசாமி விஷயத்தைச் சொன்னார். அந்த ஏரியில் தண்ணீருக்குள்ளேயே மரங்கள் நிற்கின்றன. எங்கெங்கிருந்தோ நாரை, கொக்கு, நீர்க்காகம், வக்கா எல்லாம் வந்து அதில்தான் கூடு கட்டும். எச்சம் விழுந்த தண்ணீர் வயலுக்குப் பாயும். எரு தனியாகப் போட வேண்டியதில்லை. அதனால் ஊரில் வேட்டை கிடையாது, தீபாவளிக்குப் பட்டாசு கிடையாது. கல்யாணத்துக்குக்கூட வெடி போட மாட்டார்கள்.

"போன வருசம் எவனோ பெரிய மனுசன் துப்பாக்கியோட வந்து சுட்டுட்டுப் போயிட்டான். அதுலருந்து டப்புன்னா எல்லாம் எழும்பிடுது. எழும்பினா காக்கா முட்டையத் தின்னாம சும்மா இருக்குமா? ரெண்டு மூணு வாட்டி இப்டி ஆனா கூட்ட விட்டுட்டே பூடும். அப்பால எங்க வயலு இன்னா ஆவறது?"

நேற்று அந்த மோட்டார் சைக்கிள் குறுக்கு வழி என்று கரைமேல் ஏறியிருக்கிறது. ஓட்டி வந்தவர் வேகத்தைக் குறைக்க த்ராட்டிலை மூடியதும் சைலன்ஸர் வெடித்திருக்கிறது. பாதி ஏரி எழும்பிவிட்டது. ஊரே ஓடி வந்து வண்டியைச் சூழ்ந்துகொண்டது.

"ஓட்டிக்கினு வந்தவன அடிச்சீங்களா?"

"அவன் இல்ல பாய், அவங்க. பொம்பள."

கரைமேல், போர்வை போர்த்தின வண்டிக்குப் பக்கத்தில், காக்கி பேண்ட்டும் ஆம்பளைச் சட்டையும் போட்டுக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். பெயர் ஸ்டெல்லா. கோலார் தங்கவயலில் நர்ஸ். யுத்தம் முடிந்தபின் மிலிட்டரி ஏலத்தில் அவருடைய அண்ணன் எடுத்த வண்டி அது. தங்கவயலிலிருந்து தனி ஆளாக மலை இறங்கி ஓட்டி வந்திருக்கிறார். போக வேண்டிய இடம் தனுஷ்கோடி. அந்தக் காலத்தில் செங்கல்பட்டில் ஒரு பெண் சைக்கிள் ஓட்டினாலே கடைத்தெரு முழுக்க வாசலுக்கு வந்துவிடும்.

"வண்டியப் பாக்குறதுக்கு முன்னாடி அதப் பாருங்க பாய்" என்று கையைக் காட்டினார். கரையோரம் உடைந்த முட்டை ஓடுகள் மிதந்தன. "நான் பண்ணது."

"நீ இன்னா தெரிஞ்சா பண்ண தாயீ?" என்றார் முனுசாமி. நேற்று அடிக்கப் போனவர்களில் அவரும் ஒருவர். ராத்திரி சோறு போட்டதும் அவர் வீட்டில்தான்.

3. முடியாத வேலை

வண்டியில் கோளாறு பெரிதாக ஒன்றுமில்லை. சைலன்ஸர் ஜாயிண்ட்டில் விரிசல். தீப்பொறி கொடுக்கிற மேக்னெட்டோவுக்குள் மழை ஈரம். எக்ஸாஸ்ட் டாப்பெட் இறுகியிருந்தது. மேக்னெட்டோவைக் கழற்றித் துடைத்து, பாயிண்ட்டை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். டாப்பெட்டைத் தளர்த்தி இடைவெளி வைத்தேன். விரிசலுக்கு ஆஸ்பெஸ்டாஸ் கயிறு சுற்றி, மண்ணெண்ணெய் டின்னை வெட்டி மேலே போட்டுக் கம்பியால் இறுக்கினேன். ஏரியிலிருந்து ஒரு கச்சேரிச் சத்தம். வெளியூர்ப் பறவைகள் எத்தனை பேசினாலும் முனுசாமிக்குத் தொந்தரவில்லை. என் ஸ்பேனர் கல்லில் பட்டால் மட்டும் முறைத்தார்.

வேலை முடிந்தது. முடிந்தது என்று சொல்லக் கூடாது. எங்கள் தொழிலில் கிக்கரை உதைத்து, எஞ்சின் பாடுவதைக் காதால் கேட்டு, கார்புரேட்டர் ஸ்க்ரூவைக் கால் திருப்பு முன்னே பின்னே வைத்தால்தான் முடிந்த கணக்கு. அதுவரை நான் ஸ்டார்ட் பண்ணிப் பார்க்காமல் ஒரு வண்டியையும் விட்டதில்லை. கால் தானாகவே கிக்கர் மேல் போய் நின்றது. முனுசாமி ஓடி வந்து சீட்டின்மேல் கையை வைத்தார்.

"ஒரே ஒரு உதை அண்ணாத்த. பூ மாதிரி ஓடும்."

ஸ்டெல்லா எழுந்து வந்தார். "வெடிக்காதுன்னு உங்களால கண்டிப்பா சொல்ல முடியுமா பாய்?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "மேக்னெட்டோ ஈரத்துல கெடந்தது சிஸ்டர். முத உதையில ஒண்ணு வெடிச்சாலும் வெடிக்கும். வெடிக்காமயும் போவும்."

மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. மழை பிடித்தால் ஓடை பெருகிவிடும். உடனே ஓட்டிக்கொண்டு போனால் பெருகுவதற்குள் தாண்டிவிடலாம். வேறு வழி, சேற்றில் தள்ளிக்கொண்டு போவதுதான். மிலிட்டரி வண்டி, ஆனைக் கனம். ஓடையைப் பார்ப்பதற்குள் பொழுது போய்விடும்.

அப்போதுதான் அவர் அவசரம் என்னவென்று சொன்னார். "எங்க அண்ணன் சூசைக்கு நெஞ்சு கெட்டுப்போச்சு பாய். பூமிக்கு அடியிலயே வேல பாத்த ஆளு. கடலையே பாத்ததில்ல. மண்டபத்துல வண்டிய ரயில்ல ஏத்தி, தனுஷ்கோடில எறங்கி, இதுக்கு மேல நிலமே இல்லன்ற எடத்துல நிக்கணும்னு ஆசப்பட்டுத்தான் இந்த வண்டிய வாங்கினாரு. இப்ப கட்டில விட்டு எழுந்திருக்க முடியல. நீ போய் பாத்துட்டு வந்து எனக்குச் சொல்லுன்னு அனுப்பினாரு. லீவு கொஞ்சம்தான். நான் திரும்பிப் போறப்ப அவரு இருக்கணும்."

நான் முனுசாமியைப் பார்த்தேன். அவர் சீட்டிலிருந்து கையை எடுத்துவிட்டார். எடுத்த கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தலைத் துண்டை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினார். "எங்கூட்டுல யாராவது ஒடம்பு முடியாம கெடந்தா நானும் இப்டித்தான் ஓடுவேன் தாயீ" என்று மட்டும் சொன்னார். உதைக்காதே என்றும் சொல்லவில்லை, உதை என்றும் சொல்லவில்லை.

ஸ்டெல்லா ஏரியைப் பார்த்துக்கொண்டு நின்றார். பக்கத்து மரத்தில் ஒரு நத்தைகுத்தி நாரை எழுந்து, முட்டையை அலகால் புரட்டிவிட்டு, மறுபடி உட்கார்ந்தது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஸ்டாண்டைத் தள்ளிவிட்டார்.

"கியர நியூட்ரல்ல போடுங்க பாய். தள்ளலாம்."

அந்த நிமிஷம் அந்த அம்மாவின் காலில் விழலாம்போல் இருந்தது எனக்கு. முனுசாமி ஊரைப் பார்த்து ஒரு குரல் கொடுத்தார். நேற்று அடிக்க வந்த அதே கூட்டம் வந்து வண்டிக்குத் தோள் கொடுத்தது.

4. கேரியரில் நான்

ஓடைக்குப் போய்ச் சேர்வதற்குள் மழை கொட்டி, மார்பளவு வெள்ளம். நாங்கள் இந்தப் பக்கமே மாட்டிக்கொண்டோம். வெள்ளம் வடிகிற வரைக்கும் முனுசாமி வீட்டுக் கேழ்வரகுக் களிதான். ஸ்டெல்லா ஊர்ப் பிள்ளைகளின் சிரங்குக்கு மருந்து போட்டார். பொழுது விடிந்ததும் கரைக்குப் போய் உட்கார்ந்துவிடுவார். எந்தப் பறவை எப்படிக் கூடு கட்டுகிறது, குச்சி திருடும்போது எப்படிச் சண்டை போடுகிறது என்று முனுசாமியைக் கேட்டுக் கேட்டுத் துளைத்தார்.

வெள்ளம் வடிந்ததும் வண்டியைத் தூக்கி அக்கரை சேர்த்து, கருங்குழி ரோட்டுக்கு வந்து உதைத்தேன். முதல் உதையில் டப்பென்று ஒரு வெடி. மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். முனுசாமி என் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தார். "பூ மாதிரி ஓடுமா? நல்ல பூ!"

லீவு கரைந்துவிட்டது. இனி தனுஷ்கோடி போய்த் திரும்ப முடியாது. "அது எங்க போயிடப் போவுது சிஸ்டர், அடுத்த வருசம் பாக்கலாம்" என்று ஆறுதல் சொன்னேன். சில வருஷங்களில் புயல் வந்து அந்த ஊரையே வாரிக்கொண்டு போகும் என்று யாருக்குத் தெரியும்?

வெறுங்கையோடு அனுப்ப மனசில்லை. கடல் எங்கே இருந்தாலும் கடல்தானே! செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போகலாம், வண்டியையும் டெஸ்ட் பண்ணினாற்போல் ஆச்சு என்றேன். வண்டியை வேறு யாருக்கும் தர மாட்டேன் என்றுவிட்டார் ஸ்டெல்லா. ஆகவே அவர் ஓட்ட, டூல் பாக்ஸை நடுவில் வைத்துக்கொண்டு நான் பின்னால் கேரியரில் உட்கார்ந்து செங்கல்பட்டு பஜாரைக் கடந்தேன். இஸ்மாயில் மச்சான் ஷெட் வாசலில் நின்று சலாம் வைத்தார். அந்த ஊர்வலத்தைச் சொல்லிச் சொல்லியே அக்காவும் அவரும் என்னைப் பல வருஷம் ஓட்டினார்கள்.

மாமல்லபுரத்தில் அப்போது கூட்டமில்லை. மணல், சவுக்கு, வலை உலர்த்துகிறவர்கள், அவ்வளவுதான். ஸ்டெல்லா பூட்ஸைக் கழற்றிவிட்டு அலையில் நின்றார். ஒரு கை அள்ளி வாயில் வைத்தவர், கரித்ததும் குழந்தை மாதிரி முகத்தைச் சுளித்தார். "இத எப்படி பாய் அண்ணனுக்குச் சொல்றது?" என்று கேட்டார். நான் மெக்கானிக். எனக்கு என்ன தெரியும்? "உப்புன்னு சொல்லுங்க" என்றேன். மறுநாள் காலை மேற்கே கிளம்பிப் போய்விட்டார்.

5. மறு வருஷம்

வருஷம் ஒன்று ஓடி, அடுத்த தை மாதம், ஷெட் வாசலில் ஒரு குதிரை வண்டி வந்து நின்றது. ஸ்டெல்லா இறங்கினார். சேலை கட்டியிருந்தார். உள்ளே தலையணைக்கு நடுவில் ஒரு மனிதர். எலும்பின்மேல் சட்டை போட்டாற்போல் இருந்தார்.

"கடலப் பத்திச் சொன்னேன் பாய். ம்ம், ம்ம்னு கேட்டாரு. ஏரியப் பத்திச் சொன்னேன். எழுந்து உக்காந்துட்டாரு. நீ எழுப்பாம விட்ட பறவைய நான் பாக்கணும்னு ஒரே பிடிவாதம். டாக்டர் வேணாம்னுட்டாரு. நான்தான் ரயில் ஏத்திக் கூட்டினு வந்துட்டேன்."

கருங்குழி வரைக்கும் பஸ். அங்கே, சொல்லி அனுப்பியிருந்தபடி, முனுசாமி வைக்கோல் பரப்பின மாட்டுவண்டியோடு காத்திருந்தார். கரைமேல் சூசையை நானும் அவரும் கைத்தாங்கலாக இறக்கினோம். மரம் கொள்ளாமல் பறவைகள். குஞ்சுகள் கத்திக்கொண்டிருந்தன. சூசை வாயைத் திறந்தபடி பார்த்தார். வாழ்க்கையெல்லாம் இருட்டில் வேலை செய்த கண்கள் அவை.

திடீரென்று அவர் முகம் சிவந்தது. துண்டைச் சுருட்டி வாயில் அடைத்துக்கொண்டார். உடம்பு குலுங்குகிறது, கண்ணில் நீர் வழிகிறது, சத்தம் மட்டும் இல்லை. இருமலை அடக்குகிறார். ஸ்டெல்லா பதறிப்போய் முதுகைத் தடவினார். "அண்ணா, விடுங்க, விடுங்க." அவர் தலையை ஆட்டி மரங்களைக் கையால் காட்டினார். எழும்பிவிடுமாம்.

முனுசாமி அவர் எதிரே குந்தி உட்கார்ந்தார். வாயிலிருந்த துண்டை மெல்ல எடுத்தார்.

"இன்னாத்துக்கு அண்ணாத்த அடக்கிக்கினு கீற? நல்லா இருமு. எங்கப்பன் இதே கரையில இருமி இருமித்தான் செத்தான். எம்புள்ளைங்க அழுவறதும் எம்பொண்டாட்டி கத்துறதும் அதுங்களுக்குத் தெரியாதா? மனுசன் சத்தத்துக்கெல்லாம் அதுங்க எழும்பாது. நீ இருமு."

சூசை இருமினார். கோலாரிலிருந்து அடக்கிக்கொண்டு வந்ததையெல்லாம் சேர்த்து இருமினார். நான் மரங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நாரை கழுத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு மறுபடி குஞ்சுப் பக்கம் திரும்பிக்கொண்டது. ஒரு சிறகுகூட விரியவில்லை.

வேலை கற்றுக்கொள்கிற பிள்ளைகளுக்கு நான் சொல்ல நினைத்தது இவ்வளவுதான். கிக்கரில் கால் வைப்பதற்கு முன்னால் ஒருமுறை சுற்றிலும் பாருங்கள். நாம் போடுகிற சத்தம் இல்லாமல் உலகத்தில் நிறைய வேலை நடக்கும். ஆனால் பக்கத்தில் ஒருவன் இருமலை அடக்கிக்கொண்டு இருந்தால், அவன் வாயிலிருந்து துண்டை எடுத்துவிடுங்கள்.