பிரியாணிக்குத் தடை உண்டா?

தயாளன் சாருக்கு ஒரு பெருமை உண்டு. அனகாபுத்தூர் பள்ளிக்கூடத்தில் ஒரே அறையில் மூன்று வகுப்புகளைக் கட்டி மேய்த்தவர். மூன்றாவதுக்கு வாய்ப்பாடு, நான்காவதுக்குக் கட்டுரை, ஐந்தாவதுக்கு வரைபடம். ஒன்றோடொன்று கலந்ததே இல்லை. எழுபது வயதிலோ, பால் காய்ச்சும்போது போன் வந்தால் போதும், பால் பொங்கி மேடையெல்லாம் ஓடிவிடுகிறது.

"மறதி நோய்லாம் இல்ல சார்," என்றார் டாக்டர். "வயசானா மூளை ஒரு வேலைய விட்டு இன்னொண்ணுக்கு மாற கொஞ்சம் டைம் எடுக்கும்."

"ஒவ்வொண்ணா செய்ங்கன்னு நான் சொன்னா கேட்டாத்தானே," என்றார் மனைவி ஞானஜோதி.

பால் போனால் போகட்டும். கிழக்குத் தாம்பரத்தில் அவர்கள் சர்ச்சில் பதினெட்டு வருடமாக ஞாயிறு அறிவிப்பு வாசிப்பவர் அவர்தான். அந்த மைக்கும் போய்விடுமோ என்று சாருக்கு உள்ளூர பயம்.

அந்த ஞாயிறு, கல்யாணத்துக்கு முன் மூன்று வாரம் வாசிக்க வேண்டிய ஜெஃப்ரி-ஜென்சி விவாக அறிவிப்பு, இரண்டாம் முறை. "இதற்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் இப்போதே தெரிவிக்கவும்" என்று கணீரென்று வாசித்தார். ஒருவரும் எழவில்லை. அடுத்த சீட்டு, அறுப்பின் பண்டிகை விருந்து.

"மட்டன் பிரியாணி பரிமாறப்படும். இதற்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் இப்போதே தெரிவிக்கவும்."

பின்வரிசையில் எழுபத்தெட்டு வயது தேவானந்தம் எழுந்தார். "எனக்கு இருக்கு சார். போன வருஷம் என் தட்டுல பீஸே வரல."

சர்ச்சே குலுங்கியது. பாஸ்டர் பைபிளால் முகத்தை மறைத்துக்கொண்டார். அன்றே கமிட்டி கூடி, இன்னொரு தடவை இப்படி ஆனால் மைக்கை அருள்மேரி டீச்சரிடம் கொடுத்துவிடுவது என்று முடிவெடுத்தது. அந்த வாரம் முழுக்க சாருக்குச் சோறு இறங்கவில்லை.

மறு ஞாயிறு, சீட்டுக்கு ஒரு கவராகப் போட்டுக்கொண்டு வந்தார். பிரியாணி டோக்கன் சீட்டை வாசித்து, கவிழ்த்து வைத்து, ஒரு மடக்குத் தண்ணீர் குடித்து, மனதுக்குள் ஐந்து வரை எண்ணினார். சபை நெளிந்தது. அவர் அசரவில்லை. பிறகுதான் ஜெஃப்ரி-ஜென்சி, மூன்றாம் முறை. ஒரு பிசிறில்லை. "தடை ஏதும் அறிந்தவர்கள் இப்போதே தெரிவிக்கவும்."

தேவானந்தம் எழுந்தார்.

ஜென்சியின் அம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

"அதான் போன வாரமே சொன்னேனே சார். பீஸ் வரல."

சர்ச் மறுபடி குலுங்கியது. சார் மட்டும் சிரிக்கவில்லை. மைக்கைக் கொஞ்சம் கிட்டே இழுத்தார்.

"அண்ணே, பிரியாணி முடிஞ்சிருச்சு. இது கல்யாணம். நீங்க மெதுவா வாங்க, நான் வெயிட் பண்றேன்."