ரொசெண்டா கொண்டுபோகும் சிடிகள்

இணைய வயரை மோடத்திலிருந்து பிடுங்கி, சுருட்டி, அரிசி டப்பாவுக்குள் மணிக்கட்டு மறையும் வரை கையை விட்டுப் புதைக்கிறாள் ரொசெண்டா மக்பனுவா. மேலே அரிசியைத் தள்ளிச் சமப்படுத்தி மூடியை இறுக்குகிறாள். திங்களும் வியாழனும் மாலை ஆறு மணிக்கு இந்தச் சடங்கு தவறாது.

"ஊர்ல எல்லாரும் திருடனுக்குப் பயந்து நகையை அரிசியில ஒளிப்பாங்க. என் பொண்டாட்டி வயரை ஒளிக்கிறா," என்பான் ஜீப்னி என்கிற ஷேர் வண்டி ஓட்டும் அவள் கணவன் அர்னுல்போ.

"வீட்ல இருக்கிற திருடி நான்தான். கண்ணுல பட்டா எடுத்துச் செருகிடுவேன். அப்புறம் எல்லாம் தானா இறங்கிடும். அங்க போய் நான் முழிக்கணும்."

'அங்க' என்பது சான் எலாடியோ ஊரின் பெண்கள் சிறை. மூடப்பட்ட ஒரு கால் சென்டர் தந்துவிட்டுப் போன பதினொரு பழைய கம்ப்யூட்டர்கள் அங்கே இருக்கின்றன. கைதிகள் அதில் புரோகிராம் எழுதப் பழகுகிறார்கள். சிறைக்குள் இணையம் கூடாது என்பது சட்டம். ஆனால் புரோகிராம் எழுதும் கருவியோ வெறும் பாத்திரம் மாதிரி வருவது. பிழை பார்க்க ஒன்று, அட்டவணை போட ஒன்று, பழைய கோப்பைத் திறக்க ஒன்று என்று ஒவ்வொரு வேலைக்கும் ஒரு ப்ளகினைத் தனியாகச் சேர்க்க வேண்டும். வெளியுலகில் ஒரு பொத்தானை அழுத்தினால் அது வந்து உட்கார்ந்துகொள்ளும். இங்கே ரொசெண்டா சிடியில் பதிந்து, கையில் பிடித்து, நடந்து கொண்டுபோக வேண்டும். அந்தப் பதினொன்றின் உடன்பிறப்பு ஒன்றை அவள் தன் சாப்பாட்டு மேஜையில் வைத்திருப்பது இணையமில்லாத ஒத்திகைக்காக. "இங்க மூச்சுத் திணறினா அங்கயும் திணறும்," என்பாள்.

வயது நாற்பத்தேழு. குள்ளம். சந்தையில் பச்சோய் சூப் கடையை ஒட்டி அவளுடைய கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை. அவள் தொட்ட கீபோர்டில் எல்லாம் பன்றி எலும்புக் குழம்பின் வாசம் லேசாக ஒட்டியிருக்கும். சிறையின் கம்ப்யூட்டர் அறையில் அவள் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. தோள்பையைக்கூட இறக்க மாட்டாள். கடைசி ஜீப்னி கிளம்பப்போகிறது என்பது போல நின்றபடியே வேலை பார்ப்பாள்.

ப்ளகின்களைப் பற்றி அவளுக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. "விருந்துக்குக் கூப்பிட்டா தனியா வராத ஜாதி இது. சித்தப்பா மகன் வந்தாத்தான் நான் வருவேன்னு வாசல்ல நிக்கும். சித்தப்பா மகனைக் கூட்டிட்டு வந்தா, அவன் மச்சானைத் தேடுவான்."

யாரைத் தேடுகிறது என்பதைத் திரையில் ஒரு நீண்ட வரி சொல்லும். போனும் பென்டிரைவும் உள்ளே வராதபடியால், அந்த வரியைப் பள்ளிக்கூட நோட்டில் பென்சிலால் எழுதிக்கொள்வாள். எழுதியதைப் பின்னாலிருந்து முன்னால் ஒவ்வொரு எழுத்தாகப் படித்துச் சரிபார்ப்பாள். ஒரு முறை ஒரு புள்ளி விட்டுப்போய் ஒரு வாரம் வீணானதிலிருந்து வந்த பழக்கம். கைதிகள் இதை 'மேமின் தலைகீழ் ஜெபம்' என்பார்கள்.

வாசலில் சார்ஜன்ட் ஹெர்மினியா. சிடியில் உள்ள ஒவ்வொரு கோப்பின் பெயரையும் அனுமதிக் கடிதத்தோடு ஒப்பிட்டுப் படித்துவிட்டுத்தான் உள்ளே விடுவார். விட்டபின் எப்போதும் அதே வசனம்.

"உள்ள வந்தது வெளிய போகாது, அக்கா."

"சிடியைச் சொல்றீங்களா, எங்களைச் சொல்றீங்களா மேம்?" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வரும். சிரிப்பு அலை ஓடும். ஹெர்மினியா மட்டும் சிரிக்க மாட்டார், அல்லது சிரிப்பதை ரெஜிஸ்டருக்குள் குனிந்து முடித்துக்கொள்வார்.

வேலை முடிந்த சிடிகள் முற்றத்துக் காய்கறிப் பாத்திக்குப் போகும். எல்லோரும் மரியாதையாக 'மானாங்' என்று கூப்பிடும் மூத்த கைதி பாசிங் அவற்றைக் கயிற்றில் கோத்து, கீரைக்கு மேல் கட்டித் தொங்கவிடுவாள். காற்றில் அவை சுழன்று மின்ன, குருவிகள் மிரண்டு பறக்கும். உடைந்து விழுந்தவை போக இப்போது முப்பத்தொரு சிடிகள். ரொசெண்டாவின் நான்கு வருட நடை அங்கே தொங்குகிறது.

இந்த மானாங் பாசிங்குக்காகத்தான் அந்த வெள்ளிக்கிழமை அத்தனை ஓட்டமும்.

ஒவ்வொரு கைதியின் சிறை நாட்களோடும் நன்னடத்தைக்கான சலுகை நாட்களைச் சேர்த்துக் கணக்கிட வேண்டும். தண்டனை நாள் நிறைந்து விடுதலைக்குத் தகுதியானவர்களின் பட்டியலில் பரிசீலனைக் குழு கையெழுத்துப் போடும். குழு மூன்று மாதத்துக்கு ஒரு முறைதான் கூடும். இருநூற்றுப் பன்னிரண்டு பேர் கணக்கை இரண்டு குமாஸ்தாக்கள் கையால் போட்டதில் எத்தனையோ பெயர்கள் அடுத்த கூட்டம், அடுத்த கூட்டம் என்று தள்ளிப்போயின. ஜோவெலின் என்ற கைதி இதற்கென்றே ஒரு புரோகிராம் எழுதி முடித்திருந்தாள். சிறையின் பழைய பதிவுக் கோப்புகளைத் திறக்க ஒரே ஒரு ப்ளகின்தான் குறை. பாசிங்குக்கு நாள் நிறைந்துவிட்டதா என்று யாருக்கும் தெரியாது. தெரிந்தது ஒன்றுதான். அவளுடைய ஒரே மகள் மேரிலூ அந்த மாதம் இருபத்தெட்டாம் தேதி குவைத்துக்கு வீட்டுவேலைக்கு விமானம் ஏறுகிறாள். மூன்று வருட ஒப்பந்தம். ஆறு வருடமாக ஞாயிறுதோறும் கம்பிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்த மகள். இந்தக் கூட்டத்தில் பெயர் வராவிட்டால் அவளைக் கட்டிப்பிடித்து வழியனுப்பும் பாக்கியம் பாசிங்குக்கு இல்லை.

செவ்வாய்க்கிழமை ப்ளகின் சொந்தக்காரர்களைத் தேடி வாசலிலேயே நின்றது. ரொசெண்டா தலைகீழ் ஜெபம் முடித்துவிட்டுப் போனாள். வியாழன் மாலை வயர் அரிசிக்குள் போயிற்று. அதற்கு முன்பே சொந்தம், சொந்தத்தின் சொந்தம் என்று நாற்பத்தாறு கோப்புகளை இறக்கிச் சிடியில் பதிந்திருந்தாள். வீட்டு மெஷினில் எல்லாம் அழகாக உட்கார்ந்தன. அன்றைக்கு அவள் இரண்டு வாய் சோறு கூடச் சாப்பிட்டாள்.

வெள்ளிக்கிழமை மதியம் ஒரு மணி. குழு வருவது மூன்று மணிக்கு. ஹெர்மினியா நாற்பத்தாறு பெயர்களையும் காலை ஆஜர் எடுப்பது போலச் சத்தமாக வாசித்தார்.

"பொறுமையாத்தான் படிக்கணுமா மேம்?" என்றாள் ரொசெண்டா.

"நீ பேசினா மறுபடி முதல்லேர்ந்து வருவேன்."

இரண்டு மணிக்கு மெஷின் முன்னால் வந்து நின்றாள். ஜோவெலின் சிடியைப் போட்டாள். ஒன்று, இரண்டு, பத்து, நாற்பது, நாற்பத்தைந்து. கடைசியில் ஒன்று மட்டும் சிவப்பு வரியைக் காட்டி நின்றது.

"இது ரொம்பப் புதுசாம் மேம். இங்க இருக்கிற கருவி பழசாம். ரெண்டு வருஷத்துக்கு முந்தின பதிப்புத்தான் வேணுமாம்."

"வீட்ல ஓடிச்சே..." என்று ஆரம்பித்தாள். புரிந்துவிட்டது. அந்தப் பழைய பதிப்பு வீட்டு மெஷினில் எப்போதோ ஏறி, சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தது. ஒத்திகைக்கு முன் மெஷினைத் துடைத்து வெறுமையாக்க வேண்டும் என்று பத்துப் பேருக்குப் பாடம் சொன்னவள் அவள். இந்த ஒரு தடவை துடைக்கவில்லை. வயரைப் புதைத்தாள், மெஷினைத் துடைக்க மறந்தாள். தோள்பை திடீரென்று கல் மூட்டையாகக் கனத்தது. வீட்டுக்குப் போய்த் திரும்ப இரண்டு மணி நேரம். ஒரு தாயின் மூன்று வருடத்தைத் தன் மறதி தின்றுவிட்டதே என்று நினைத்தாள்.

"மேம்," என்றாள் ஜோவெலின் மெதுவாக. "வீட்டு மெஷினுக்கு அது எங்கேர்ந்து வந்துச்சு?"

"நான்தான் ஏத்தினேன். மழைக்காலத்துல. இங்கயும் கொண்டுவந்தேன், அந்த நாலாம் நம்பர் மெஷினுக்கு. அதுதான் செத்துப்போச்சே."

"மெஷின் செத்துச்சு. சிடி?"

இருவரும் ஜன்னல் வழியே கீரைப் பாத்தியைப் பார்த்தார்கள். உள்ளே வந்தது எதுவும் வெளியே போகவில்லை.

ஹெர்மினியா கூடவே வர, முற்றத்துக்கு ஓடினார்கள். வெயிலும் மழையும் தின்ற சிடிகள். எழுத்தெல்லாம் வெளுத்துப்போயிருந்தது. குருவி எச்சத்தைப் பாவாடையில் துடைத்துத் துடைத்து ஜோவெலின் உள்ளே கொண்டு ஓடினாள். முதலாவது உறுமிவிட்டு அடங்கியது. இரண்டாவது உறுமக்கூட இல்லை. ஐந்தாவதும் அப்படியே. மணி இரண்டு முப்பத்தைந்து.

மண் கையோடு பாத்தியில் நின்ற பாசிங் கேட்டாள். "என்ன தேடுறீங்க மேம்?"

"ரெண்டு வருஷம் முன்னாடி மழைக்காலத்துல கொண்டுவந்தது, மானாங். பச்சை மார்க்கர்ல எழுதியிருப்பேன். ஓரத்துல ஒரு மீன் படம். அன்னிக்கு என்னவோ சந்தோஷத்துல கிறுக்கினேன்."

பாசிங் தலை நிமிர்ந்தாள். ரொசெண்டாவைப் பார்த்தாள். பிறகு ஹெர்மினியாவைப் பார்த்தாள். அந்தப் பார்வை ஏன் அங்கே போகிறது என்று ரொசெண்டாவுக்குச் சட்டென்று விளங்கிற்று. சிறையில் கண்ணாடி கூடாது. முகம் பார்க்க எதையாவது ஒளித்துவைத்தால் நன்னடத்தையில் ஒரு கறுப்புப் புள்ளி. ஒரு புள்ளிக்கு முப்பது சலுகை நாள் போகும். சொல்லாவிட்டால் பட்டியலே இல்லை. சொன்னால் பட்டியலில் அவள் பெயர் இருக்காமல் போகலாம்.

பாசிங் மண் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

"அது கயித்துல இல்ல மேம். என் தலையணைக்கு அடியில இருக்கு. பழைய துணியில சுத்தி வெச்சிருக்கேன். ஞாயித்துக்கிழமை மக வரும்போது தலை சீவிக்க."

ஹெர்மினியா குனிந்து ஒரு கீரை இலையைப் புரட்டிப் புழு இருக்கிறதா என்று நிதானமாகப் பார்த்தார்.

"கண்ணாடிதான் கூடாது," என்றார் இலையிடம். "சிடி தோட்டத்துச் சாமான். காத்துக்கு விழுந்திருக்கும். போய் எடுத்துட்டு வா, நின்னுட்டே இருக்கே."

பச்சை மீன் அப்படியே இருந்தது. ஒரு கீறல் இல்லை. மெஷின் அதை வாங்கி, ஒரு முறை கனைத்து, சீராகச் சுற்றத் தொடங்கியது. நாற்பத்தாறாவது சொந்தக்காரன் உள்ளே வந்தான். சிவப்பு வரி மறைந்தது. ஜோவெலின் பழைய கோப்பைத் திறந்தாள். திறந்தது.

பிரிண்டர் தாளைத் தள்ளியபோது மணி இரண்டு ஐம்பத்திரண்டு. நாள் நிறைந்தவர்கள் ஒன்பது பேர். நான்காவது வரியில் பாசிங்கின் முழுப்பெயர், நிறைந்து பத்தொன்பது நாள் ஆயிற்று என்ற குறிப்போடு. ரொசெண்டா பழக்க தோஷத்தில் அந்தப் பெயரையும் பின்னாலிருந்து முன்னால் ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். ஓர் எழுத்தும் தவறவில்லை.

"பேரு இருந்தா ஆளை நேர்ல பார்த்துட்டு குழு கையெழுத்துப் போட்டாகணும். அதுதான் விதி," என்றார் ஹெர்மினியா. தாளை வாங்கிக்கொண்டு வாசலுக்குப் போனார். வெளியே கார் கதவு சாத்தும் சத்தம்.

பாசிங் சுவரைப் பிடித்தபடி நின்றாள். அழவில்லை. கேட்டது ஒன்றுதான். "அவங்க முன்னாடி இப்படியேவா போறது? தலையெல்லாம் மண்ணு."

ரொசெண்டா நான்கு வருடத்தில் முதல் தடவையாகத் தோள்பையைக் கழற்றித் தரையில் வைத்தாள். மெஷினிலிருந்து சிடியை எடுத்து, சட்டை நுனியால் துடைத்தாள். பாசிங்கின் முகத்துக்கு நேராக அதை இரு கையாலும் தூக்கிப் பிடித்தாள். கொஞ்சம் மேலே, கொஞ்சம் இடப்பக்கம், வெளிச்சம் படும்படி. பாசிங் வகிடு எடுத்து முடிக்கும்வரை கையை அசைக்கவில்லை.