பிரிய வேண்டிய தையல்

சர்வீஸ் ரோட்டில் வந்த வெள்ளைக் காரை ஷபீ அஹமது குறுக்கே போய் நின்று மறித்துவிட்டார். ஒரு கையில் டீ கிளாஸ், மறு கையில் கத்திரிக்கோல். உள்ளே இருந்த வாணியம்பாடிப் பழ வியாபாரி, பட்டப்பகலில் வழிப்பறியா என்று மிரண்டுபோனார். "பயப்படாதீங்க பாய். சீட் கவர் நம்ம கை வேலைதான். பத்து நிமிஷம் எறங்குங்க, தையல அவுக்கணும்."

ஆம்பூரில் நெடுஞ்சாலையோரம் பதினாறு வருஷமாகக் கார்களுக்கு சீட் கவர் தைக்கிறவர் ஷபீ. அதற்கு முன் இருபது வருஷம் ஷூ கம்பெனியில் தையல் மெஷின். அங்கே பழகிய அதே நைலான் நூல், அதே இரட்டைத் தையல், ஓரத்தில் மட்டும் ஒரு சிவப்பு வரி. அந்தச் சிவப்பை வைத்தே ஓடுகிற வண்டியில் தன் வேலையை அடையாளம் கண்டுகொள்வார். தைத்து முடித்ததும் இரண்டு கட்டைவிரலையும் தையலின் இருபுறமும் ஊன்றி, தம் கட்டி இழுப்பார். "ஆனை கட்டி இழுத்தாலும் பிரியாது" என்பார். பிரிந்ததும் இல்லை.

கார்களைப் பற்றி அவர் பேசுவதைக் கேட்டால் கம்பெனிக்காரர்கள் ஆம்பூர்ப் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டார்கள். கூரையில் கண்ணாடி வைத்த வண்டியைக் கண்டால் அவருக்குச் சிரிப்பு. "நம்ம ஊரு வெயிலுக்கு மண்ட மேல ஜன்னலா? உள்ள இன்னா, அப்பளம் காயப்போடறதா?" பொத்தான்களை எடுத்துவிட்டுத் திரை வைத்ததில் கோபம். "ஏசிய கம்மி பண்ண டிவிய தடவணுமாம். ரோட்ட எவன் பாப்பான்?" நாலு மீட்டருக்குள் இருக்கிற காருக்கு வரி குறைவு என்பதால் கம்பெனிகள் டிக்கியைக் குறுக்கியதை அவர் இன்றுவரை மன்னிக்கவில்லை. "வரி மிச்சமாவும்னு ஷூவோட குதிகால வெட்டுவியா? வெட்டிட்டு இதான் ஃபேஷன்னு விப்பியா?"

ஒருமுறை வேலூர் ஷோரூமில் விற்பனைக்காரர் 'வீகன் லெதர்' என்று பெருமையாகச் சொல்லிவிட்டார். ஷபீ சீட்டை நகத்தால் கீறி, குனிந்து மோந்து பார்த்தார். "ரெக்சின்னு சொல்லிட்டுப் போயேன்பா. ஆம்பூர்க்காரன்கிட்ட வந்து தோல் இல்லாத தோலுன்றியே!"

இத்தனை பேசுகிற மனிதருக்குத் தன் தொழிலிலேயே ஒரு விஷயம் தெரியாமல் போயிற்று. போன வருஷம் மகள் முபஷ்ஷிரா கார் வாங்கினாள். அப்பாவே பார்த்துப் பார்த்துக் கவர் தைத்தார். காரோடு வந்த புத்தகத்தைச் சாவகாசமாகப் படித்துக்கொண்டிருந்தவள் ஒரு பக்கத்தை அப்பாவிடம் காட்டினாள். முன் சீட்டின் பக்கவாட்டுக்குள் ஏர்பேக் என்கிற காற்றுப்பை மடங்கி இருக்கிறது. பக்கத்திலிருந்து வண்டி மோதினால் அது சீட்டைப் பிளந்துகொண்டு வெளியே வரும். அதன் மேல் கவர் போட்டு இறுக்கினால் வராது.

ஷபீ நம்பவில்லை. ஒரு பழைய சீட்டுக்குத் தன் கவரை மாட்டி, உள்ளே கால்பந்து பிளாடரைச் செருகி, பக்கத்துப் பஞ்சர் கடைக் காற்றைத் திறந்துவிட்டார். பிளாடர்தான் வெடித்தது. தையல் பிரியவில்லை. வாழ்நாளில் முதல்முறையாக, அந்தத் தையல் பிரியாதது அவருக்குக் குற்றமாகப் பட்டது.

காற்றுப்பை இருக்கிற ஓரத்தில் மட்டும் மெல்லிய பருத்தி நூலில் ஒற்றைத் தையல் போட்டு, பிளாடர் ஊதியதும் அது பிரிகிறவரை ஒரு வாரம் சோதித்தார். அப்புறம்தான் இந்த வேட்டை. காற்றுப்பை உள்ள கார்களாக அவர் கையால் மூடித் தைத்தவை அறுபத்தொன்று. திருப்பத்தூர், அரக்கோணம், ஏலகிரி என்று தேடிப்போய், தன் தையலைத் தானே அறுத்து மாற்றினார். காசு கேட்கவில்லை. ஊர் சிரித்தது. எதிர்க்கடைக்காரர் "ஷபீ பாய் தையல் இப்ப வீக்கு" என்று கிளப்பிவிட்டதில் வாடிக்கை பாதியாகக் குறைந்தது. அதற்கும் அவர் அசையவில்லை. போக்குவரத்து அலுவலகத்துக்கு மனு எழுதினார். "கார மோதவிட்டுப் பாத்து பாதுகாப்புக்கு ஸ்டார் குடுக்கறாங்க. கவர் போட்ட கார மோதவிட்டாங்களா? ஹெல்மெட்டுக்கு முத்திரை இருக்குது. என் கவருக்கு இன்னா இருக்குது?" பதில் வரவில்லை. மனு கொடுத்ததற்கான ரசீதை லேமினேட் செய்து கடையில் மாட்டியிருக்கிறார்.

பழ வியாபாரியின் கார் அறுபதாவது. மிச்சம் ஒன்றே ஒன்று: கணக்கு வாத்தியார் டேனியலுடையது. எட்டு மாதமாக அவர் பிடி கொடுக்கவில்லை. "அஞ்சு வருஷமா ஒரு நூல் பிரியல பாய். நல்லா இருக்கறத எதுக்கு அவுக்கறீங்க? இருபது வருஷமா ஓட்டறேன், ஒரு கீறல் உண்டா?"

"நீங்க நல்லாதான் ஓட்டறீங்க சார். குறுக்க வர்றவனும் கணக்கு வாத்தியாரா?"

வாத்தியார் சிரித்துவிட்டுப் போய்விடுவார். ஷபீக்குத்தான் பேஜார். நெடுஞ்சாலையில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் கடையை விட்டு வெளியே வந்து, எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில் போய் நின்றுகொண்டார். ஆராதனை முடிந்து டேனியலோடு மனைவி எப்சியும் வந்தார். வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் நர்ஸ் அவர்.

"மறுபடியுமா பாய்?" என்றார் டேனியல்.

"இன்னா மறுபடியும்?" என்று கேட்டார் எப்சி. அவருக்கு இது எதுவுமே தெரியாது என்பது அப்போதுதான் ஷபீக்கு உறைத்தது. சொன்னார். தான் செய்த தப்பு என்றுதான் தொடங்கினார். வாசலில் நின்ற காரில் எப்சி உட்காரும் இடது முன் சீட்டின் ஓரத்தை விரலால் தொட்டுக் காட்டினார்.

எப்சி கணவரைப் பார்த்தார். "எட்டு மாசமா சொல்றாரா?" டேனியலின் சட்டைப் பையிலிருந்து கார் சாவியை எடுத்து, ஷபீயின் உள்ளங்கையில் வைத்தார்.

கடையில் அரை மணி நேர வேலை. சிவப்பு வரி போட்ட நைலான் தையல், அவர் தைத்ததிலேயே ஆக அழகானது, கத்திரிக்கோலுக்கு மல்லுக்கட்டித்தான் விட்டுக்கொடுத்தது. பருத்தி நூலில் புதிதாகத் தைத்தார். பிறகு வழக்கம்போல இரண்டு கட்டைவிரலையும் ஊன்றி இழுத்தார்.

'பர்ர்' என்று பிரிந்தது.

"மாஷா அல்லா" என்று சொல்லிவிட்டு, ஷபீ அதே நூலை மறுபடியும் ஊசியில் கோத்தார்.