முதலிடம் வந்த ஆஸ்பத்திரி

அரசு ஆஸ்பத்திரியின் கணினிப் பிரிவில் இருந்த அவளை எல்லோரும் பாஸ்வேர்ட் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். தெரியாமல் எதையாவது அமுக்கிவிட்டால் மறைக்காமல் ஓடி வாருங்கள், திட்டமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தாள். வார்டு நர்ஸ் முதல் வாசல் காவலாளி வரை அப்படியே ஓடி வந்தார்கள். திருடர்கள் அனுப்பிய மெயிலைத் திறந்துவிட்டுக் கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்பவரை உட்காரவைத்துவிட்டு, அந்தக் கம்ப்யூட்டரின் இணைப்பை முதலில் பிடுங்குவாள். நோயாளிகளின் விவரம் வெளியே போகாமல் இருந்தது அந்த ஓட்டத்தால்தான். நடந்ததையெல்லாம் வருடக் கடைசியில் ஒளிக்காமல் மேலிடத்துக்கு எழுதுவாள்.

ஒரு வருடம் மேலிடத்துக்குத் திடீரென்று அறிவு வந்தது. எந்த அரசு அலுவலகத்தில் கம்ப்யூட்டர் ஆபத்து அதிகம், எதில் குறைவு என்று ஒப்பிட்டு வரிசைப்படுத்தினார்கள். அளவுகோல் என்ன தெரியுமா? யார் அதிகச் சம்பவம் எழுதினார்களோ அவர்களுக்கு ஆபத்து அதிகம். ஒன்றுமே எழுதாதவன் உத்தமன். இதைக் கண்டுபிடித்த மகானுபாவர் இருந்த திசைக்கு ஒரு கும்பிடு.

ஆஸ்பத்திரி கடைசி. பத்திரப்பதிவு அலுவலகம் முதலிடம். அங்கே அதிகாரியின் பாஸ்வேர்ட் டீ கொண்டுவருபவருக்குக்கூடத் தெரியும். அதிகாரி லீவு போட்டால் அதை வைத்துத்தான் அலுவலகமே ஓடும். அந்த அதிகாரிக்கு ஒரு கேடயம், பல்லிளித்தபடி ஒரு போட்டோ. வயிறு எரியாதா?

ஆஸ்பத்திரிக் கண்காணிப்பாளர் அவளை அறைக்குக் கூப்பிட்டார்.

"ஏம்மா, மத்தவங்கல்லாம் ஒண்ணுமில்லன்னு எழுதிட்டு நிம்மதியா இருக்காங்க. நீ ஏன் என் மானத்த வாங்குற?"

"நடந்ததத்தான் எழுதினேன் சார்."

"இந்த வருஷம் எழுதாத. எழுதினா உன்ன அந்தச் சீட்ல வெச்சிருக்க முடியாது."

"நாமளே மறைச்சா, அப்புறம் யாரு சார் எங்கிட்ட வந்து சொல்லுவாங்க?"

வீட்டிலும் அதே பாட்டுதான். "எல்லாரும் வாய மூடிக்கிட்டுப் பொழைக்கல? உனக்கு மட்டும் என்ன வந்துது?" என்றான் கணவன்.

"உங்க தங்கச்சி வைத்தியமும் அங்கதான் நடக்குது. என்ன வியாதின்னு தெருவுக்கே தெரிஞ்சா சும்மா இருப்பீங்களா?"



அவள் ஒன்றுவிடாமல் எழுதினாள். சொன்னபடியே தூக்கிவிட்டார்கள். கீழ்த்தளத்துக் கிடங்கில் போர்வை கணக்குப் பார்க்கும் வேலை. அவள் நாற்காலியில் கண்காணிப்பாளரின் மச்சினன் வந்து உட்கார்ந்தான். கம்ப்யூட்டரில் அவனுக்குத் தெரிந்தது சினிமா பார்ப்பதுதான். அடுத்த அறிக்கையில் ஒரு சம்பவமும் இல்லை. ஆஸ்பத்திரி முதலிடம். அட, அடிக்கு ஒரு கேமரா வைத்தாலும் இப்படிப் பாதுகாப்பு வருமா!

கேடயம் வந்து கொஞ்ச நாளில், பிரசவ வார்டு நர்ஸ் கிடங்குக்குள் வந்து கதவைச் சாத்தினாள்.

"அக்கா, போன வாரம் ஒரு மெயிலத் திறந்துட்டேன். இப்ப நோயாளிங்க ஃபைல் ஒண்ணும் திறக்கல. பணம் குடுக்கலன்னா எல்லாத்தையும் வெளிய விட்டுடுவோம்னு ஸ்க்ரீன்ல வருது."

பாஸ்வேர்ட் அக்கா போர்வைக் கணக்கு நோட்டை மூடினாள். எத்தனை பெண்கள், புருஷனுக்குக்கூடச் சொல்லாத எத்தனை விஷயங்கள்.

"போன வாரமா? அன்னிக்கே ஏன் ஓடி வரல? நான் என்னிக்காவது உன்னத் திட்டியிருக்கேனா?"

நர்ஸ் சுற்றிலும் அடுக்கியிருந்த போர்வைகளைப் பார்த்தாள்.

"சொன்னதுக்குத்தானே அக்கா உங்களையே இங்க கொண்டாந்து போட்டாங்க."