கூனி போட்ட சுண்டல்

நான் பயந்தாங்கொள்ளி. பாலாவிச் சந்தியில் சீமெந்து லொறி ஹோர்ன் அடித்தால், ஏற்கனவே ஓரமாக நிற்கிற நான் இன்னும் ஓரமாகப் போய்க் கடைக்குள் ஏறிவிடுவேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று ஆசிரியர் அறையில் என்னைப் பார்த்துத்தான் சொல்வார்கள். அப்படிப்பட்டவளிடம் பிள்ளைகளின் நலன் பார்க்கிற பொறுப்பை அதிபர் ஏன் கொடுத்தார் என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

ஒன்பதாம் வகுப்புப் பெண் பிள்ளைகளில் பலர் காலையில் வெறும் வயிற்றோடுதான் வருவார்கள். சாமான் விலை ஏறிய பிறகு அது சாதாரணமாகிவிட்டது. காலைக் கூட்டத்தில் ஒருத்தி மயங்கி விழுந்தால் மற்றவர்கள் பதறுவதுகூட இல்லை, கையைப் பிடித்து நிழலுக்குக் கொண்டுபோய் இருத்திவிட்டு வந்து வரிசையில் நிற்பார்கள். இடைவேளையில் விசுக்கோத்தும் மிளகாய்த்தூள் போட்ட மாங்காயும். வாய்விட்டுச் சிரிக்கிற சத்தம் குறைந்துபோயிருந்தது. ஆகவே கற்பிட்டிப் பக்கம் கடலோரத்தில் ஒரு விடுதி எடுத்து, இரண்டு நாள் முகாம் வைப்பதென்று முடிவானது. விளையாட்டு, பாட்டு, மனம் விட்டுக் கதைக்க ஒரு நேரம், மத்தியானம் நல்ல சாப்பாடு. சமைக்க இரண்டு தாய்மார் வருவதாக ஏற்றுக்கொண்டார்கள்.

முகாமுக்கு முதல்நாள் ஒரு பிள்ளையின் உம்மா என்னைத் தேடி வந்தார். மகளை அனுப்பவே மாட்டேன் என்று நின்றவர். பிள்ளை அழுது, கோபித்து, சாப்பிடாமல் கிடந்துதான் சம்மதம் வாங்கியிருந்தாள்.

"றால் பட்டா புள்ளைக்கு மூச்சு எடுக்க ஏலா டீச்சர். சின்ன வயசுல ஒருக்கா கையவிட்டுப் போகப் பார்த்த புள்ள. உங்கள நம்பித்தான் அனுப்புறன்."

ஓம் என்று சொல்லிவிட்டேன். இறால் என்று டயரியில் எழுதி இரண்டு தரம் அடிக்கோடிட்டேன்.

காலையில் விடுதியில் இறங்கியதும் முதல் வேலையாகச் சமையல்கட்டுக்குப் போனேன். சிவப்பரிசிச் சோறு, பருப்பு, பாரைமீன் ஆணம், தேங்காய் போட்டு வதக்கிய முருங்கையிலைச் சுண்டல், பிறகு பப்பாசிப்பழம். றால் சட்டிப்பக்கமே வரக்கூடாது என்றேன். "அல்லாஹ்வே, கடையில றால் விக்கிற விலைக்கு நாங்க எங்க டீச்சர் போட?" என்று இருவரும் சிரித்தார்கள். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் போய்க் கேட்டேன். மூன்றாம் தரம் போனபோது அகப்பையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். நானும் வெட்கப்பட்டுத் திரும்பி வந்தேன்.

மத்தியானம் சஹன் வைத்தோம். பாயில் பெரிய தட்டு, அதைச் சுற்றி ஆறு பிள்ளைகள், எல்லாக் கைகளும் ஒரே சோற்றில். தனித்தனித் தட்டென்றால் பாதியைக் கொட்டிவிடுகிற பிள்ளைகள்கூட சஹனில் நன்றாகச் சாப்பிடுவார்கள். அன்றைக்கும் அப்படித்தான் சாப்பிட்டார்கள். அங்கிருந்து பார்த்தால் தூரத்தில் நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி தெரியும். நான் அதைப் பார்த்தபடி, யாரும் கண் வைத்துவிடக் கூடாது, என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

திரும்பிப் பார்த்தபோது அந்தப் பிள்ளை குனிந்திருந்தாள். கை சோற்றில்தான் இருந்தது. ஆனால் காது இரண்டும் சிவந்து, கழுத்தை இடக்கையால் சொறிந்துகொண்டிருந்தாள். கிட்டப் போய் முகத்தை நிமிர்த்தினேன். உதடு தடித்திருந்தது.

உம்மா கொடுத்துவிட்ட ஒவ்வாமைக் குளிசையை அவளுடைய பையில் தேடி எடுத்துக் கொடுத்தேன், விழுங்க முடியாமல் இருமினாள். மூச்சில் சத்தம் கேட்கத் தொடங்கியது. எங்களைக் கொண்டுவந்த வேன் மறுநாள் பின்னேரம்தான் வரும். கூட வந்த டீச்சர் ரோட்டுக்கு ஓடி, மீன் ஏற்றிக்கொண்டு போன ஒரு சின்ன லொறியை மறித்தார். டிரைவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை, கதவைத் திறந்துவிட்டார்.

கொஞ்சத் தூரம் போனதும் நடு ரோட்டில் கழுதைகள். கற்பிட்டி ரோட்டில் கழுதை நிற்பது எங்களுக்குப் புதினமில்லை, மற்ற நாட்களில் சிரித்துக்கொண்டு காத்திருப்போம். டிரைவர் ஹோர்ன் அடித்தார். அவை காதை ஆட்டின. அவர் இறங்கிப்போய் ஒன்றைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளினார், மற்றது வந்து அந்த இடத்தில் நின்றது. என் மடியில் பிள்ளையின் நெஞ்சு விசிலடிப்பது போலச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. யாஸீன் ஓதப் பார்த்தேன், மனப்பாடமான யாஸீன், முதல் வரிக்கு மேல் வரவில்லை. நாலே வரியுள்ள குல்ஹுவல்லாஹு மட்டும் திரும்பத் திரும்ப ஓதினேன். இந்தப் பிள்ளை இல்லாமல் அந்த உம்மாவின் முன்னால் போய் நிற்பதைவிட நானும் இங்கேயே போய்விடலாம் என்று நினைத்தேன்.

ஆஸ்பத்திரியில் தொடையில் ஊசி போட்டார்கள், மூக்கில் குழாய் வைத்தார்கள். டொக்டர் சிங்களத்தில், என்ன சாப்பிட்டாள் என்று கேட்டார். எல்லாம் சொன்னேன். றால்? இல்லை. நிச்சயமா? நிச்சயம். அவர் நம்பவில்லை, மறுபடி விசாரிக்கச் சொன்னார். சமைத்த தாய்க்குக் கோல் எடுத்தேன்.

"சுண்டல்ல என்ன போட்டீங்க?"

"முருங்கையிலை, வெங்காயம், தேங்காப்பூ. புள்ளைகளுக்குச் சத்தா இருக்கட்டும் எண்டு கொஞ்சம் கூனி இடிச்சுப் போட்டம்."

"கூனி றால்தானே?"

"றால் வேற, கூனி வேற டீச்சர்" என்றார் அவர், குழந்தைக்குச் சொல்கிற மாதிரி. பிறகு அந்தப் பக்கம் அழுகைச் சத்தம் கேட்டது.

அவரை நான் ஏச முடியாது. காயவைத்த பொடி றால்தான் கூனி, ஆனால் எங்கள் பக்கத்தில் அதை யாரும் றால் கணக்கில் சேர்ப்பதில்லை. அது உப்பு, மிளகாய் போல ஒரு சாமான். காலையில் அவர் கூனி என்று என்னிடம் சொல்லியிருந்தாலும் நான் நல்லது என்று தலையாட்டிவிட்டுத்தான் போயிருப்பேன்.

மெதுவாக மூச்சின் சத்தம் குறைந்தது. பிள்ளை கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தபோது நான் நர்ஸுக்கு முன்னால் வாய்விட்டு அழுதேன்.

உம்மா வந்தார். ஏசுவார், அடித்தாலும் அடிப்பார் என்று சுவரோடு ஒட்டி நின்றேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. கட்டிலோரத்தில் உட்கார்ந்து மகளின் முகம் முழுக்கத் தடவினார். கூனி என்று நான் சொன்னேன். தலையை ஆட்டினார். வீட்டில் கூனிகூட வைப்பதில்லையாம், அதையும் எனக்குச் சொல்ல வேண்டுமென்று தோன்றவில்லையாம்.

பிறகு மகளிடம் கேட்டார். "வாய் கடிச்சு அரிக்கத் தொடங்கின உடனே ஏன் டீச்சரக் கூப்பிடல்ல?"

"முதல் வாயிலயே தெரிஞ்சிச்சு உம்மா." குரல் கரகரத்தது. "நான் எழும்பினா எல்லாரும் கைய எடுத்திருவாங்க. பக்கத்துல இருந்தவ காலையிலயும் தின்னல்ல, முதல் நாள் ராவும் தின்னல்ல."

சஹனில் ஒருவர் எழும்பினால் மற்றவர்களும் கூச்சப்பட்டு எழும்பிவிடுவார்கள். அதனால் வயிறு நிறைந்தவர்களும் பசித்தவர் முடிக்கும் வரை ஒவ்வொரு பருக்கையாகப் பொறுக்கிக்கொண்டு இருப்போம். நல்ல பிள்ளைகள் அப்படித்தான் செய்வார்கள்.

"நான்தான் டீச்சர் அதச் சொல்லிக் குடுத்த" என்றார் உம்மா. அப்போதுதான் என் பக்கம் திரும்பினார்.

மகளின் நாடியைப் பிடித்து நிமிர்த்தினார். "இனி எழும்பு. பாதியில எழும்பு. சஹன் முறிஞ்சா முறியட்டும். விளங்கிச்சா?"

பிள்ளை தலையை ஆட்டினாள்.

"பக்கத்துல எவ பசியோட இருந்தாலும் எழும்பணும். சொல்லு, எழும்புவன் எண்டு."

பிள்ளை போர்வையின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். உம்மா இன்னொரு தரம் கேட்டார். நானும் கிட்டப் போய் நின்று, சொல்லு புள்ள, என்று கெஞ்சினேன். அவள் சொல்லவில்லை.