உபதேசியாரின் கை

எங்கள் ஊர் மாதா கோயிலில் சாமியாருக்கு அடுத்தபடி உபதேசியார்தான். அவருக்கு ஜெபமும் வரும், சினிமாவும் வரும். கோடை விடுமுறையில் ஞாயிறு பூசை முடிந்ததும் மறைக்கல்வி அறையின் ஜன்னல்களைப் போர்வையால் மூடிவிடுவார். வெளியே உச்சி வெயில், உள்ளே இருட்டு. புரொஜெக்டர் வெளிச்சத்தில் தூசி மெல்ல மிதக்கும். தூக்கமா விழிப்பா என்று தெரியாத ஒரு மயக்கம் வரும். ஒன்றுதான் குறை. படத்தில் ஆணும் பெண்ணும் நெருங்கி வந்தால் உபதேசியாரின் கை லென்சை மறைத்துவிடும். விரல் நிழல்தான் திரை முழுக்கத் தெரியும்.

அன்று பழைய கறுப்பு வெள்ளைப் படம். சின்ன ஊர்ப் பெண் ஒருத்தி பாவாடையிலிருந்து சேலைக்கு மாறுகிறாள், மேலே படிக்க ஆசைப்படுகிறாள், வீட்டில் பேசி முடித்த மாப்பிள்ளை வேண்டாமென்று ரயிலடிக்கு வந்து நிற்கிறாள். என் பக்கத்தில் அத்தை, அப்பாவின் தங்கை, மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் மாப்பிள்ளை பேசி முடித்தாகிவிட்டது. பெங்களூரில் நர்சிங் சீட் கிடைத்தும் அப்பா போக விடவில்லை. அடுத்த ஞாயிறு பூசையில், இன்னாருக்கு இன்னார் என்று கல்யாண ஓலை வாசிக்கப் போகிறார்கள். ஊரே கேட்க வாசித்த பிறகு பின்வாங்குவது லேசில்லை.

திரையில் ரயில் ஊதியது. மாப்பிள்ளை ஓடி வந்து அவள் தோளைத் தொட்டான். உபதேசியாரின் கை வந்துவிட்டது. அது விலகியபோது 'வணக்கம்' போட்டிருந்தார்கள்.

"அத்தே, அவங்க ரயில் ஏறினாங்களா?"

"ஏறிட்டாங்க கண்ணு. அவரு அங்கயே நின்னுட்டாரு" என்றாள் அத்தை. யோசிக்கவே இல்லை.

வீடு வரும் வழியெல்லாம் மீதிக் கதையும் சொன்னாள். அந்தப் பெண் ஜன்னலோரம் உட்கார்ந்தாளாம். ஓசூர் வந்ததும் குளிரெடுத்ததாம். படத்தில் ஓசூர் எங்கே வந்தது என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

சனிக்கிழமை விடியலில் அத்தை அதியமான்கோட்டையில் பஸ் ஏறிப் போய்விட்டாள். வீடு இரண்டுபட்டது. பக்கத்தில் படுக்க ஆளில்லாமல் நான் அழுதேன்.

"உங்கிட்ட ஏதாச்சும் சொன்னாளா?" என்று அப்பா என்னைப் பிடித்து உலுக்கினார்.

"படக்கதைதாம்ப்பா சொன்னாங்க."

அவர் தலையில் அடித்துக்கொண்டு போனார்.

இத்தனை வருஷத்துக்குப் பிறகு போன மாதம் அந்தப் படம் போனில் கிடைத்தது. கை மறைக்காமல் முழுசாகப் பார்த்தேன். அவள் ரயில் ஏறவில்லை. மாப்பிள்ளையோடு மாட்டுவண்டியில் வீடு திரும்புகிறாள். எனக்கு மனசே ஆறவில்லை. பெங்களூரில் நர்ஸாக இருக்கும் அத்தையைக் கூப்பிட்டு, "பொய்தானே சொன்னீங்க?" என்று கேட்டேன்.



"அப்பிடியா முடியுது? எனக்கெப்பிடிக் கண்ணு தெரியும். நானும் அந்தக் கையத்தான பாத்துட்டிருந்தேன்."