பெரியவளுக்கு விழும் அடி

ஜப்பான்காரன் எங்கள் ஊரைப் பிடித்து வைத்திருந்த காலத்தில், செந்தூல் ரயில்வே கோட்டர்ஸ் பக்கம் இருந்த எங்கள் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்ல மிஞ்சியது நான் ஒருத்திதான். இன்னொரு வாத்தியாரைச் சயாமில் ரயில் பாதை போடும் வேலைக்குப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். ஐந்து வயதுப் பொடிசு முதல் பதிமூன்று வயதுப் பெண் வரை எல்லாம் ஒரே அத்தாப்பு ஓலைக் கொட்டகையில். எனக்கோ அப்போது இருபத்திரண்டு வயது. மரவள்ளிக்கிழங்கு தின்று காய்ந்த வயிறு, மூக்குக்கு மேல் கோபம்.

ஒரே ஆள் அத்தனையையும் எப்படிக் கட்டி மேய்ப்பது? ஒவ்வொரு பெரிய பிள்ளையிடமும் இரண்டு மூன்று சின்னதுகளை ஒப்படைத்தேன். சின்னது பாடம் தப்பினால் ரோத்தான் பிரம்பால் அடி பெரியதுக்கு. அநியாயம்தான், ஆனால் வகுப்பு கப்சிப்பென்று நடந்தது. அடி அதிகம் வாங்கியவள் அந்தப் பதிமூன்று வயதுக்காரி. அவளிடம் நான் விட்ட பையனுக்கு ஆறு வயது, வாலில்லாத குரங்கு. அவன் எதையாவது செய்து தொலைப்பான், இவள் கூப்பிடாமலே வந்து உள்ளங்கையை நீட்டுவாள். முகம்கூடச் சுளிக்க மாட்டாள். அதுவே எனக்கு இன்னும் எரிச்சலாக இருக்கும்.

தினமும் காலையில் ஜப்பான் இருக்கும் திசையைப் பார்த்துக் குனிந்து வணங்க வேண்டும் என்பது உத்தரவு. ஒரு நாள் அதைப் பார்வையிட ஓர் அதிகாரி வந்தான். அவன் பேச்சைத் தமிழில் சொல்ல நம்மவர் ஒருவரும் கூட வந்தார். எல்லோரும் குனிந்திருந்தபோது அந்த ஆறு வயதுப் பயல் களுக்கென்று சிரித்துவிட்டான். பாவி, அன்றைக்கா அவனுக்குச் சிரிப்பு வர வேண்டும்! அதிகாரி அவன் தலைமுடியைப் பிடித்துத் தூக்கினான். பயலுக்குக் கால்சட்டையிலேயே மூத்திரம் போய்விட்டது.

அவ்வளவுதான். இவள் வரிசையை விட்டு வந்து அதிகாரிக்கு முன்னால் உள்ளங்கையை நீட்டிக்கொண்டு நின்றாள்.

அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. கூட வந்தவர் என்னிடம் கேட்டு, எங்கள் வகுப்பு வழக்கத்தை அவனுக்கு எடுத்துச் சொன்னார். அவன் பயலைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தான். பிறகு என்னைக் காட்டி ஏதோ சொன்னான்.

"நல்ல சட்டம்ங்கிறாரு டீச்சரம்மா," என்றார் வந்தவர், என் முகத்தைப் பார்க்காமல். "இங்க எல்லாத்துக்கும் பெரியவங்க நீங்கதானாம். அதனால அடி உங்களுக்குத்தானாம். இந்தப் பொண்ணே அடிக்கணுமாம்."

அவள் அசையவில்லை. அதிகாரி விட்ட முதல் அறையில் தள்ளாடினாள். இரண்டாவதில் கீழே விழுந்தாள். தூக்கி நிறுத்தி மறுபடி அறைந்தான். காதிலிருந்து ரத்தம் கழுத்தில் இறங்கியது.

"அடிடி!" என்று கத்தினேன். "உன் கால்ல விழுறேன், என்னை அடிச்சுத் தொலைடி! செத்துருவடி!"

பாவாடையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவன் வாளை உறையோடு கழற்றி அவள் முட்டியில் ஓங்கிப் போட்டான். அவள் மடங்கி விழுந்ததும் அந்தப் பயல் ஓடி வந்தான். என்னை அடிக்க எம்பினான், எட்டவில்லை. நான் மண்டி போட்டேன். "அடிடா கண்ணு, பலமா அடிடா," என்றேன். ஓவென்று அழுதுகொண்டே என் கன்னத்தில் மாறி மாறி அறைந்தான். அதிகாரிக்கு அது வேடிக்கையாக இருந்தது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு லோரியில் ஏறிப் போனான்.

அவளைத் தூக்கிக்கொண்டு போய் அவள் வீட்டில் படுக்க வைத்தேன். மருந்து ஏது அப்போது? மஞ்சளை அரைத்து முட்டியில் பற்றுப் போட்டேன். என் கோபமெல்லாம் அவள் மேலேயே திரும்பியது.

"ஏண்டி, லேசா ஒரு தட்டு தட்டியிருந்தா விட்டிருப்பானே! என் மேல அவ்வளவு பாசமாக்கும்?"

காது கேட்கவில்லை என்று சைகை காட்டி, அடிபடாத காதை என் பக்கம் திருப்பினாள். இன்னொரு தரம் கேட்டேன்.

"பாசமெல்லாம் இல்ல டீச்சர்," என்றாள். "நீங்க ரோத்தானால போடுறப்பல்லாம் மனசுக்குள்ள உங்களத் திருப்பி அடிச்சிருக்கேன். இன்னிக்குக் கைய ஓங்கியிருந்தா, நிறுத்தியிருக்க மாட்டேன்."